தவிட்டுக்கு வாங்கிய கோல்கீப்பர்

அனுப்புநர்:
அ. மத்தியாஸ் (வயது 57),
பள்ளிக்கூடக் காவலாளி,
(முன்பு மூணுகல் தோட்டத்துப் பால் ஸ்டோர் தொழிலாளி),
புந்தோங், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
உயர்திரு பதிவதிகாரி அவர்கள்,
பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம்,
ஈப்போ.

பொருள்: 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு பெண் குழந்தையின் பிறப்பைப் பதியும்போது பொய்த் தகவல் கொடுத்த மத்தியாஸ் என்பவர் மீது அதே மத்தியாஸ் கொடுக்கும் புகாரும், அப்பதிவைத் திருத்தித் தர வேண்டுகோளும்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். ஒருவன் தன் மேல் தானே புகார் எழுதுவது தங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக இருக்கலாம். எனக்கும் இதுதான் முதல் தடவை. மூணுகல் தோட்டப் பள்ளி ஆசிரியர் திரு. கார்த்திகேசு இதை மலாயில் மொழிபெயர்த்துத் தந்திருக்கிறார், இணைத்துள்ளேன். ஆனாலும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் தன் சொந்த மொழியில் ஒப்புக்கொள்வதுதான் முறை என்று எனக்குப் படுவதால், மூல மனுவைத் தமிழில் எழுதுகிறேன்.

1. காரியம் இதுதான். தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பக்கத்தில் உள்ள மூணுகல் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் ராக்காயி என்ற இருபத்தொரு வயதுப் பெண், வரும் ஏப்ரல் மாதக் கடைசிக்குள் நார்வே நாட்டில் இருக்க வேண்டும். அங்கே ஸ்தெய்ன்விக் என்ற மீன்பிடி ஊரின் மகளிர் காற்பந்துக் கழகம், இந்த ஆண்டு ஆட்டங்களுக்குத் தன் கோல்கீப்பராக அவளை அழைத்திருக்கிறது. அவளுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. பிறப்புப் பத்திரத்தில் அவள் பெயர் பெட்ரீசியா, தகப்பன் மத்தியாஸ், தாய் இசபெல்லா. அடையாளக் கார்டில் அவள் பெயர் ராக்காயி, தகப்பன் சன்னாசி. இரண்டில் ஒன்று பொய். அந்தப் பொய் என்னுடையது.

2. நானும் சன்னாசியும் மூணுகல் தோட்டத்தில் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடியிருந்தவர்கள். அவன் மனைவி கருப்பம்மாளுக்கு முதல் மூன்று பிள்ளைகளும் பிறந்து முப்பது நாள் தாண்டவில்லை. நாலாவது பிறந்தது இந்தப் பெண். ஐயா அறிவீர்களோ என்னவோ, இப்படிப் பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை முறத்தில் கிடத்தி அடுத்த வீட்டாருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் சனங்களின் வழக்கம். ‘இது எங்கள் பிள்ளை இல்லை, விற்றாகிவிட்டது’ என்று சொன்னால், தேடி வருகிற எமன் ஏமாந்து திரும்பிப் போவான் என்பது நம்பிக்கை. நாங்கள் வேதக்காரர்கள், எமனை நம்புகிறவர்கள் அல்ல. ஆனால் மூன்று குழிக்கும் சன்னாசியோடு சேர்ந்து மண் தள்ளியவன் நான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். கோழிக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி முழுசாக அளந்து கொடுத்து, என் மனைவி இசபெல்லா பிள்ளையை வாங்கினாள். விற்பனை பேருக்குத்தான்; பிள்ளை பெற்றவள் வீட்டிலேயேதான் வளர்ந்தது.

3. இதுவரைக்கும் குற்றமில்லை. ஒன்பதாம் நாள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி பிறப்பைப் பதிய வேண்டும் என்று ஆள் அனுப்பினார். சன்னாசி வர மறுத்துவிட்டான். எமன் படிக்கிற நோட்டில் அப்பன் பெயரைக் கொண்டுபோய் எழுதுவதும் அவனுக்கு வழி காட்டுவதும் ஒன்றுதான் என்றான். ஆகவே நான் போனேன். தகப்பன் பெயர் என்ன என்று கிராணி கேட்டார். என் பெயரைச் சொன்னேன். குழந்தையின் பெயரைக் கேட்டார். பெட்ரீசியா என்றேன். இசபெல்லாவுக்கும் எனக்கும் அப்போது கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்தப் பெயர் எங்கள் வீட்டில் ஆளில்லாமல் காத்திருந்தது. பொய் சொல்லும்போது எனக்குக் கூச்சமே வரவில்லை என்பதையும் தங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். திரும்பி வரும் வழியில் விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

4. ஒரு வயது ஆனதும் திருத்திவிடலாம் என்றுதான் நாங்கள் நால்வரும் பேசிக்கொண்டோம். ஒரு வயது ஆனது. பிள்ளை நடக்கட்டும் என்றாள் கருப்பம்மாள். நடந்தாள். பள்ளிக்கூடம் போகட்டும் என்றாள். நல்லபடியாக ஓடுகிற வண்டியை நிறுத்தி யார் சக்கரம் பார்ப்பார்கள்? 1973இல் அடையாளக் கார்டு எடுக்கும் வேன் தோட்டத்துக்கு வந்தபோது, எல்லாரும் கூப்பிடுகிறபடி பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்த ராக்காயி, தகப்பன் சன்னாசி என்ற பெயர்களை வைத்துக் கார்டு எடுத்தார்கள். பத்திரம் இசபெல்லாவின் தகரப் பெட்டிக்குள் கிடந்தது. அவள் அதை அவ்வப்போது வெளியே எடுத்துப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். திருத்த வேண்டும் என்று நானும் நினைவுபடுத்தவில்லை.

5. இதற்குள் காற்பந்து எப்படி வந்தது என்று தாங்கள் கேட்கலாம். தோட்டத்து ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வேலை தேடிப் போனபின் திடல் சும்மா கிடந்தது. வீரம்மா என்ற பால் வெட்டும் பெண்தான் மற்றவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தாள். ராக்காயியும் கேட்டாள். விழுந்து தொலைப்பாய், ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே ஆடுவதென்றால் ஆடு என்று கருப்பம்மாள் நிபந்தனை போட்டாள். நின்ற இடத்திலேயே ஆடுவதற்குக் காற்பந்தில் இருப்பது ஒரே வேலைதான். இரண்டு கம்பத்துக்கு நடுவே அவளை நிறுத்தினார்கள். நிற்பதென்றால் நிற்பது மட்டும் இல்லை என்பது கருப்பம்மாளுக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் பெண்ணின் முழங்கையிலும் முழங்காலிலும் தோல் பலமுறை உரிந்து வளர்ந்துவிட்டது.

6. 1981 ஆகஸ்டில் மேற்சொன்ன நார்வே குழு இந்தப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தது. அவர்களில் ஒரு பெண்ணின் அண்ணன் இங்கே ஈயச் சுரங்கத்தில் எஞ்சினியர். ஈப்போவில் ஆட வேண்டிய திடல் மழையில் மூழ்கிப்போக, அவர் அவர்களைப் பால் மரம் காட்ட மூணுகல்லுக்கு அழைத்து வந்தார். மரத்தை விட்டுவிட்டு அவர்கள் திடலைப் பார்த்தார்கள். மறுநாள் மாலை நாலு மணிக்கு ஆட்டம். ஆறுக்குச் சைபர் என்று நாங்கள் தோற்றோம். ராக்காயி இல்லாவிட்டால் இருபதைத் தாண்டியிருக்கும் என்று அவர்களே சொன்னார்களாம். காலணி இல்லாமல் அவள் பாய்ந்து பாய்ந்து பிடித்ததைப் பார்த்து, எதிர்க் குழுவின் கோல்கீப்பரே திடலின் அந்தக் கோடியிலிருந்து கை தட்டினார். அந்தக் கோல்கீப்பருக்குத்தான் இந்த ஜூனில் பிள்ளை பிறக்கப் போகிறது.

7. கழகத்தின் செயலாளர் சோல்வெய்க் என்ற அம்மையார் எழுதிய கடிதத்தின் நகல் இத்துடன் உள்ளது. காலையில் மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலை, மாலையில் பயிற்சி, தங்குவதற்கு அவருடைய வீட்டிலேயே ஓர் அறை என்று எழுதியிருக்கிறார். விமான டிக்கெட்டுக்காக அந்த ஊர்ப் பெண்கள் வீட்டில் பலகாரம் சுட்டுக் கடைத்தெருவில் நின்று விற்றிருக்கிறார்கள். ‘எங்கள் திடலிலும் புல் கிடையாது, சரளைக் கல்தான், ராக்காயிக்குப் பழகிய இடம் போலவே இருக்கும்’ என்றும் எழுதியிருக்கிறார். முகம் தெரியாத எங்கள் பிள்ளைக்காக அவ்வளவு தூரத்தில் யாரோ அடுப்புச் சூட்டில் நின்றிருக்கிறார்கள் என்பதை ஆசிரியர் படித்துச் சொன்னபோது, எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார்கள். தடையாக நிற்பது என் பொய் ஒன்றுதான்.

8. சென்ற ஜனவரி 18ஆம் தேதி நாங்கள் ஐந்து பேரும் தங்கள் அலுவலகத்துக்கு வந்தோம். முகப்பில் இருந்த தமிழ் அதிகாரி பொறுமையானவர், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இது உங்கள் மகளா என்று கருப்பம்மாளிடம் கேட்டார். “இல்லைங்க, மத்தியாஸ் அண்ணன் வீட்டுப் பிள்ளை” என்றாள் அவள். என்னிடம் கேட்டார். சன்னாசி மகள் என்றேன். சன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப யாரு பிள்ளைதான்லா இது?” என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேறு யாருடைய கதையாவது என்றால் நானும் சிரித்திருப்பேன். பெற்றவள் சத்தியப் பிரமாணம் செய்து தராமல் திருத்த வழியில்லை என்று அவர் சொல்லி அனுப்பினார். அதுதான் சட்டம், அதுதான் நியாயமும்கூட.

9. கருப்பம்மாள் கல்நெஞ்சக்காரி அல்ல, ஐயா. இருபத்தொரு வருஷமாக அவள் அந்தப் பெண்ணை ஒரு தடவைகூட மகளே என்று கூப்பிட்டதில்லை. தலை வாரி விடும்போதும், அம்மை போட்டுப் படுத்திருந்தபோதும் ‘மத்தியாஸ் வீட்டுப் பிள்ளை’தான். சொல்லிவிட்டால் அது கேட்கக் கூடாத காதில் விழுந்துவிடும் என்ற பயம். அன்று அவர்களைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட நாங்களும் ஏறிய பஸ்ஸில் ராக்காயி, அதிகம் பேசாத பெண், தாயைப் பார்த்துச் சொன்னாள்: “சொன்னா நான் செத்துருவேன்னு பயப்படற. நீ சொல்லாததால நான் ஒரு நாள்கூட உம் மகளா இருந்ததில்லையே.”

10. பிப்ரவரி முதல் வெள்ளிக்கிழமை, கருப்பம்மாள் ஒரு பிஸ்கட் டின்னோடு புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். டின்னில் தவிடு. விற்ற பிள்ளையைத் திருப்பி வாங்காமல் தன் பிள்ளை என்று சொன்னால்தான் ஆபத்து. முறைப்படி திருப்பி வாங்கிவிட்டால் பயமில்லை என்று அவளாகவே ஒரு தீர்வைக் கண்டுபிடித்திருந்தாள். இசபெல்லா வெகுநேரம் அந்த டின்னைத் தொடவில்லை. பிறகு உள்ளே போய் அரிசிப் படியை எடுத்துவந்து வைத்தாள். “முழுசா அளந்து போடு. அன்னைக்கு நான் கொறைக்கல” என்றாள். கருப்பம்மாள் கோபுரமாகக் குவித்து அளந்தாள். இருவரும் அழுதார்கள். நான் சைக்கிளைத் துடைக்க வாசலுக்குப் போய்விட்டேன். எங்கள் வீட்டில் இப்போது கோழி கிடையாது. அந்தத் தவிடு இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது.

11. அடுத்த திங்கட்கிழமை சத்தியப் பிரமாண அதிகாரி முன்னால் நின்று, “நான் பெத்த பிள்ளை” என்று கருப்பம்மாள் சொன்ன சத்தம் தெருவுக்கே கேட்டது. இவ்வளவு சத்தம் தேவையில்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. சன்னாசியும் கைநாட்டு வைத்தான். வீடு போய்ச் சேரும் வரைக்கும் கருப்பம்மாள் பெண்ணின் மணிக்கட்டை விடவில்லை. ராக்காயி நலமாக இருக்கிறாள். நேற்றும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து மரம் வெட்டிவிட்டு, மாலையில் திடலில் நின்றாள்.

ஆகவே ஐயா, இத்துடன் உள்ள சத்தியப் பத்திரங்கள், பள்ளிக்கூடச் சான்று, கடிதத்தின் நகல் ஆகியவற்றைப் பார்த்து, அப்பதிவில் என் பெயரையும் என் மனைவி பெயரையும் நீக்கி, சன்னாசி, கருப்பம்மாள் என்றும், குழந்தையின் பெயர் ராக்காயி என்றும் எழுதித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் கிடைத்தால்தான் பாஸ்போர்ட் எடுத்து அவள் விமானம் ஏற முடியும். பொய் சொன்னதற்கு என்ன தண்டனையோ அதை எனக்குத் தாருங்கள், மறுக்க மாட்டேன். எழுதிய கிராணி காலமாகிவிட்டார். பெண்ணுக்கோ அப்போது வயது ஒன்பது நாள்.

கடைசியாக ஒன்று. இது என் மனைவியின் வேண்டுகோள். சட்டத்தில் இடம் இல்லையென்றால் தள்ளிவிடலாம். உலகத்திலேயே எங்கள் இருவரையும் தாய் தகப்பன் என்று எழுதியிருக்கும் இடம் தங்கள் அலுவலகத்துப் பதிவேட்டின் அந்த ஒரு வரிதான். அதை அடிக்கும்போது மை கொட்டி மறைத்துவிடாமல், ஒரே ஒரு கோடாக, அடியில் இருக்கும் எழுத்து படிக்கத் தெரியும்படி அடிக்கச் சொல்லிக் கேட்கிறாள். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

இடம்: புந்தோங், ஈப்போ
தேதி: 7.3.1983

(கையொப்பம்)
அ. மத்தியாஸ்
புகார் கொடுப்பவர், குற்றம் செய்தவர்;
இந்த மனு ஏற்கப்படும் நாள் வரைக்கும், பதிவேட்டின்படி, தகப்பன்.