என்னிடம் தோற்ற மதினிக்கு

மதினி,

இன்று காலையில் மேல்நிலைத் தொட்டியைக் கழுவினார்கள். பிளீச்சிங் பவுடர் வாசம் தெரு முழுக்க அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போக, நான் மட்டும் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசம் வந்தால் உங்கள் நினைப்பும் வந்துவிடும். நம் இருவர் சங்காத்தமே தண்ணீரில்தானே தொடங்கியது.

அதற்கு முன் நமக்குள் இருந்தது போட்டி. ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும், தான் நிற்க நினைத்திருந்த இடத்தில் என்னை நிறுத்தினார் உங்களுக்குத் தம்பி முறையான என் வீட்டுக்காரர். உங்களை யாரும் நிறுத்தவில்லை. வாடிப்பட்டி ரோட்டில் இருந்த உங்கள் தையல் கடையைப் பூட்டிவிட்டு நீங்களாகவே போய் மனு கொடுத்தீர்கள். வீடு வீடாகப் பேசி ஓட்டுக் கேட்டீர்கள். நான் கும்பிட்ட கையை இறக்காமல் அவருக்குப் பின்னால் நடந்தேன். எங்களுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம், நான் ஜெயித்துவிட்டேன். மாலை போட்டதும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன். ஜெயிக்க வேண்டியவர் நீங்கள் என்று எனக்கே தெரியும்.

முதல் கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பேச வேண்டியதை அவர் எழுதிக் கொடுத்திருந்தார். மைக்கைப் பிடித்ததும் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. படித்த வரியையே திரும்பவும் படித்தேன். யாரோ சிரித்தார்கள். அவர் எழுந்து வந்து மைக்குக்குக் கை நீட்டினார். நானும் கொடுக்கத்தான் போனேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். தோற்ற கோபத்தில் என்னவோ கேட்கப் போகிறீர்கள் என்று ஊரே திரும்பிப் பார்த்தது.

“தம்பி, நீ உக்காரு. ஓட்டு அவளுக்குத்தான் போட்டிருக்கு” என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, “மேலத்தெருக் கொழாயில ஒரு குடம் நெறையிறதுக்குள்ள தண்ணி நின்னு போகுது. ஏன்னு நீ சொல்லு” என்றீர்கள்.

அது எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குழாயடியில் குடத்தோடு நின்றவள் நான். பள்ளத்தில் இருக்கும் கீழத்தெருவுக்கும் மேட்டில் இருக்கும் மேலத்தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? மேட்டுக்கு முதலில் விட்டுவிட்டு அப்புறம் பள்ளத்துக்கு விடலாம் என்றேன். கீழத்தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் பதில் சொன்னேன். கையிலிருந்த தாள் எப்போது நழுவியது என்று தெரியவில்லை. முடிந்தபோது, இன்னும் யாராவது ஏதாவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது.

அந்த மாதமே மேலத்தெருவின் கடைசி வீடு வரை தண்ணீர் ஏறியது. உங்கள் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்து என்னைக் குடிக்கச் சொன்னீர்கள். அன்றுதான் கேட்டேன், எனக்கு ஏன் கை கொடுத்தீர்கள் என்று.

“நான் தோத்தாச்சு. நீயும் தோத்துட்டா ஊருக்கு என்ன மிஞ்சும்?”

அதற்காக என்னை நீங்கள் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எதிரே உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டுக் குடைந்தீர்கள். உங்களுக்குப் பதில் சொல்வதற்காகவே தெருத்தெருவாக நடந்தேன், அலுவலகப் படிகள் ஏறினேன். சுடுகாட்டுப் பாதைக்காக நாம் இருவரும் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறியபோது வழியெல்லாம் வாதாடி, கோரிப்பாளையத்தில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தத்திலிருந்து சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தோம். பயந்து பயந்து ஏற்ற வேலை எப்போது ஆசையாக மாறியது என்று கேட்டால், அந்த நடையைத்தான் சொல்வேன்.

போன ஆனியில் நெஞ்சுவலி வந்து, பேசிக்கொண்டிருந்தபோதே நீங்கள் போய்விட்டீர்கள். என் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. ஆனாலும் தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஜனங்கள் என் வாசலுக்குத்தான் வருகிறார்கள். உங்கள் தம்பி உள்ளேயிருந்து, “ஒன்னயத்தான் கேக்குறாங்க” என்று குரல் கொடுத்துவிட்டுப் பேப்பர் படிக்கிறார்.

அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறேன், மதினி. இந்தத் தடவை என்னை யாரும் நிறுத்தவில்லை. ஒரே ஒரு குறைதான்: எதிர்த்து நிற்க நீங்கள் இல்லை.