நெஞ்சளவுப் புல்

கொடகவெல
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மகள் ஹிமாயாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் தம்பி ஸப்வானும் நானும் அல்லாஹ்வின் உதவியால் சுகம், மழைதான் விட்டபாடில்லை, மட்டக்களப்பு வெயிலில் நீ வாடாமல் இருந்தால் போதும். நேற்றுப் போனில் நீ, ‘வாப்பா விடுங்க, நான் ஆய்வுத் தலைப்ப மாத்திக்கிறன்’ என்றதும் நான் பாதியில் வெட்டிவிட்டேன். கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை. போனில் எனக்கு ஒன்றையும் முழுதாகச் சொல்ல வராது, நடுவில் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். தலைப்பை மாற்றாதே.

தோட்டத்து எட்டு மாடுகளுக்கும் கழிச்சல் வந்தது மழையால் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். மாட்டு டொக்டரான என்னால் வந்தது. அந்த எட்டு வீட்டுக்கும் ஓடைக்கரைப் புல் பொது. அங்கே ஒரு சட்டம்: அவர்களில் மூத்தவரான கன்னையா கையைத் தூக்கி நிற்பார், புல் அவர் விரல் நுனியைத் தாண்டினால்தான் யாரும் அரிவாள் வைக்கலாம். ஒருவர் முந்திக்கொண்டு வெட்டாமலிருக்கச் செய்த ஏற்பாடு, நியாயமானதுதான், ஆனால் அந்த உயரம் வர எழுபது நாள் ஆகும், தண்டு கரும்பு மாதிரி முற்றிவிடும். மாடு மூன்றில் ஒரு பங்கைத் தொட்டியிலேயே விட்டுவிடும், தின்ற நாரும் வயிற்றில் நெடுநேரம் கிடந்து புளித்து மீதேனாக ஏப்பத்தில் போகும், பாலாக வரவேண்டியது காற்றாய்ப் போகிறது. உன் ஆய்வுகூடப் போத்தல்களில் நாற்பத்தைந்து நாள் புல்லுக்கு வாயு குறைவு என்று எழுதி, அந்த வயதில் வெட்டிக் கொடுத்துப் பாலை அளந்து அனுப்புங்கள் என்றுதான் நீ கேட்டாய். இளசு நல்லதென்றால் இன்னும் இளசு இன்னும் நல்லது என்று நான் இருபத்தைந்தாம் நாளே வெட்டச் சொன்னேன், புல் முழங்காலுக்குச் சற்று மேலேதான் நின்றது. பொறுத்திருக்க ஏலவில்லை, அவ்வளவுதான். அது புல்லில்லை, தண்ணீர். பதினொரு நாளில் எட்டு மாடும் கழிந்தது, பாலில் கொழுப்பு இறங்கியது, பால் சேகரிக்கிற இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழகம்மா என்னை லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் மறித்துக்கொண்டு, “மாட்டு ஏப்பத்த அளக்க வந்து என் மாட்ட கழிய வச்சிட்டீங்களே டொக்டரய்யா, ஒங்க மகளுக்குப் பரீட்ச, எங்களுக்கு வகுத்தெரிச்சலா?” என்று கேட்டார். எட்டு வீடும் விலகிக்கொண்டது அன்றைக்குத்தான்.

எட்டு மாடு இல்லாவிட்டால் இந்த வருஷம் ஆய்வு இல்லை என்று உன் ஆய்வுக்குப் பொறுப்பான சேர் சொன்னதைக் கேட்டபிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. கன்னையா வீட்டு வாசலில் எல்லாரையும் கூட்டி, பிழை என்னுடையது, மகள் சொன்னது நாற்பத்தைந்து நாள், நான்தான் அவசரப்பட்டேன் என்று சொன்னேன். கன்னையா, “இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு தேத்தண்ணியாவது குடுத்திருப்போம்ல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அழகம்மா மட்டும் சிரிக்கவில்லை. “வெட்டுறதும் நீங்க, சொமக்குறதும் நீங்க. என் மாடு தேறுனா மத்தவங்க பாத்துக்கட்டும். தேறாட்டி ஏப்பத்த நீங்களே விட்டு நீங்களே அளந்துக்கிங்க” என்றார். சரி என்றேன். மேல்துண்டுகளில் புல் ஒவ்வொன்றாக நாற்பத்தைந்து நாளுக்கு வந்துகொண்டிருந்தது, கன்னையாவின் நெஞ்சளவு. பன்னிரண்டு நாளாக ஒப்பீசுக்குப் போகுமுன் அதை அறுத்து, சத்துக்குக் கிளிரிசீடியா இலை ஒரு கட்டும் சேர்த்துத் தலையில் சுமக்கிறேன். காலெல்லாம் அட்டைக்கடி, உம்மா உப்பும் கையுமாக வாசலில் நிற்கிறாள். தோட்டத்துக்குப் புதிதாக வந்த கங்காணி சுமந்து மெலிந்த என்னை உனக்கு மூத்த நானாவா என்று விசாரித்தாராம், உம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இன்று காலை அழகம்மா தன் அரிவாளோடு ஓடைக்கரைக்கு வந்து நின்றார். “வேரோட புடுங்குறீங்களா அறுக்குறீங்களா? நாலு விரல் வுட்டு அறுங்க, இல்லாட்டி மறுவாட்டி தழையாது” என்று ஏசிவிட்டு என் பக்கத்திலேயே குனிந்து அறுத்தார். அவர் மாட்டின் சாணம் இறுகிவிட்டது, பால் பழையதைவிட அரைப் போத்தல் கூட. கட்டைத் தூக்கும்போது, “நாளையிலேர்ந்து நானே அறுத்துக்கிறேன், நீங்க கொப்பிய எடுத்துக்கிட்டு பால அளக்க வாங்க” என்றார். மற்ற ஏழு வீடும் மத்தியானமே சொல்லியனுப்பிவிட்டார்கள்.

ஆகவே உன் சேரிடம் நாளைக்கே போய் எட்டு மாடும் இருக்கிறது என்று சொல். இளம் புல்லை மாடு கூடுதலாகத் தின்னும், ஒரு நாளைக்கு இவ்வளவு வாயு என்று பார்த்தால் குறையாமலும் போகலாம், ஒரு லீட்டர் பாலுக்கு எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும் என்று நீ எழுதியதை இப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். தோட்டத்திலும் அப்படியே சொல்லிவிட்டேன், இனி உள்ளதைக் கூட்டிச் சொல்லமாட்டேன். உம்மா கித்துல் கருப்பட்டி பஸ்ஸில் அனுப்புகிறாள், எடுத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்வான்.

கொப்பியின் பக்கங்களை இத்தோடு வைத்திருக்கிறேன். கழிச்சல் நடந்த பதினொரு நாளும் அதில் இருக்கிறது. அதைக் கிழித்துப் போடாதே, அறிக்கையில் எழுது, யார் பிழை என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

வஸ்ஸலாம்.
உன் வாப்பா,
ஹஸீப்