கொட்டகை என்று எழுதியவன்

அண்ணே,

தாலுகா ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் அண்ணி. அவர் சேலையில் நனைந்த கீற்று வாடை. கூரை ஒழுகிய இடத்தில் காலையில் கீற்றைச் செருகிவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறார். இன்று நம் வீடு நிற்கும் திடலுக்குப் பட்டா விசாரணை; காலங்காலமாகக் குடியிருந்ததைக் காட்டினால்தான் பட்டா. கிடைக்காவிட்டால் அண்ணி வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

குடி என்றால் வீடு, குடும்பம், குலம். அதிலிருந்து வந்ததுதான் குடிசை என்று கல்லூரியில் வாய் கிழியப் பாடம் நடத்துகிறேன். ஏழ்மை அந்தச் சொல்லில் இல்லை, ஆள் வாழ்வதுதான் இருக்கிறது என்பேன். அதை எழுதத்தான் அன்று எனக்குக் கை கூசியது.

அப்போதெல்லாம் கூரை மாற்றக்கூடப் பண்ணையாரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி கேட்க வேண்டும். நீ சொல்லச் சொல்ல எழுதினேன். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்; பண்ணையார் மகன் என் வகுப்புத் தோழன். அவன் படிப்பானே என்று குடிசையை விட்டுவிட்டு, 'தங்கள் திடலிலுள்ள கொட்டகை' என்று போட்டேன். என்ன எழுதினேன் என்று கேட்காமலே நீ கைநாட்டு வைத்தாய்.

போன விசாரணையில் அந்தத் தாளைத்தான் பண்ணையார் மகன் நீட்டினான். கொட்டகையில் மாடுதான் கட்டியிருந்தார்கள், யாரும் குடியிருக்கவில்லை என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீதான் சொன்னாய்: "நான்தாங்க அப்புடி எழுதச் சொன்னேன். எனக்கு வித்தியாசம் தெரியாதுங்க."

வாத்தியார் தம்பியின் மானத்துக்காக உன் வழக்கை நீயே கெடுத்துக்கொண்டாய். திரும்பும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அறுப்புக்கு முன்பே நீ போய்விட்டாய். என் மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது, அண்ணே.

கூப்பிடுகிறார்கள். மீதியை வந்து எழுதுகிறேன்.

முடிந்தது. அதே தாளை எடுத்து வைத்தான். தாசில்தார் கேட்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன்.

"இது என் கையெழுத்துங்க. கொட்டகைன்னு அண்ணனுக்குத் தெரியாம நான் எழுதுனது. குடிசைன்னு எழுத வெக்கப்பட்டேன். நான் பொறந்ததே அதுலதாங்க."

அதையே எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். முடிவு அடுத்த மாதமாம்.

வெளியே வந்ததும் அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இத அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல தம்பி."