பகவதியின் ஐந்து சங்கு நண்டுகள்

28-4-53, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழைக்கு மூட்டம் போட்டு ஏமாற்றியது. பள்ளிக்கூடம் லீவு. நல்லதாய்ப் போயிற்று, ஹெட்மாஸ்டரிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

நாளை மறுநாள் புறப்பாடு. கார் பேசியாயிற்று. டிரைவர் தங்கப்பன், வாய் நீளம், வண்டி ஓட்டுவதில் நிதானம். ரயில் சரிப்படாது. கூட்டத்தைக் கண்டால் தங்கை பகவதிக்கு நடுக்கம் வந்துவிடும், பிறகு கூச்சல்.

திருவனந்தபுரத்திலும் மனநோய் ஆஸ்பத்திரி உண்டு, நாற்பது மைல்தான். ஆனால் அங்கே நம் சொந்தக்காரன் இல்லாத தெரு கிடையாது. மகளுக்கு வரன் கேட்டு வருகிற நேரம். வீட்டுக்காரி சொன்னாள்: "ஒங்க தங்கச்சி இப்பிடி நிக்கும்போ நம்ம பிள்ளைய எவன் வந்து பாப்பான்?" ஆகையால் சென்னை. யாராவது கேட்டால் திருப்பதி என்று சொல்ல உத்தரவு.

பகவதியிடம் சொன்னது இன்னொரு பொய். சென்னையில் கடற்கரைக்குப் பக்கம் வீடு பார்த்திருக்கிறேன், கொஞ்ச நாள் அங்கே இருப்போம் என்று. புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்ட இந்த இரண்டு வருஷத்தில் அவள் முகம் இப்படி மலர்ந்து பார்த்ததில்லை.

"அப்ப நண்டுகளையும் கொண்டு போவோம் அண்ணேன். அதுகளுக்கும் கடலு பக்கத்தில இருக்கும்லா."

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

சங்கு நண்டு, மொத்தம் ஐந்து. காலிச் சங்குக்குள் குடியேறி அதைச் சுமந்துகொண்டே திரியும் ஜாதி. மாசிக் கொடைத் திருவிழாவுக்கு மண்டைக்காடு போனபோது கடற்கரை மணலில் பொறுக்கி வந்தாள். சைவ வீடு. வீட்டுக்காரி நண்டு என்றுகூடச் சொல்லமாட்டாள், 'அது' என்பாள். பகவதி தான் சாப்பிட மறந்தாலும் அதுகளுக்குத் தேங்காய்ப் பத்தை போட மறந்ததில்லை.

29-4, புதன்

வெயில். கொண்டுபோக வேண்டியவை:

ஓலைப்பெட்டி, மூடியுடன் (காற்றுப் புகும்)
நனைத்த மணல், நாலு விரல் உயரம்
ஈரச்சாக்கு
காலிச் சங்கு எட்டு. வழியில் வீடு மாறத் தோன்றினால் வேண்டுமாம்
தேங்காய், மட்டி வாழைப்பழம்
மண்டைக்காட்டுக் கடல்தண்ணீர், புதுக் கலயத்தில், வாயில் வாழையிலை கட்டி
டாக்டருக்குக் கடிதம், உள்பையில்

கடைசி வரி தவிர மற்றதெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதியது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவளையா கொண்டுபோய் விட வேண்டும்? வீட்டுக்காரியிடம் கேட்டேன். "போன மாசம் கொளத்திலேருந்து அவளத் தூக்கினது மறந்து போச்சா?" மறக்கவில்லை. அதுதானே தொல்லை.

30-4, வியாழன். மதுரை, சத்திரம்

கா. 5½ புறப்பாடு. ஆரல்வாய்மொழி செக்போஸ்ட்டில் கலயம் மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், மதுவிலக்கு. கலயம் என்றாலே கள் என்று போலீஸ்காரர் முடிவு கட்டிவிட்டார்.

"என்னவே இது?"

"கடல்தண்ணி."

"கடல்தண்ணிய எவனாவது கார்ல ஏத்திக்கிட்டுப் போவானாவே?" விரலை விட்டு நக்கினார். துப்பினார். பகவதி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. வண்டியைத் திருப்பு என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கோழை.

பெட்டியை முதலில் காலடியில் வைத்தோம். தங்கப்பன், "கீழ வைக்காதிங்க சாரே, எஞ்சின் சூடு. அதுக வெந்து போவும்" என்றான். அப்புறம் அவள் மடியில். அரைமணிக்கு ஒருதரம் கடல்தண்ணீர் தெளித்தாள்.

கயத்தாறு தாண்டி ரேடியேட்டர் தண்ணீர் வற்றி வண்டி கொதித்து நின்றது. பொட்டல். கிணறு கண்ணுக்கெட்டின மட்டும் இல்லை. பகவதியைப் புளியமரத்து நிழலில் உட்காரவைத்துவிட்டு வந்தேன். தங்கப்பன் மெதுவாகக் கேட்டான்: "அந்தக் கலயத்தத் தாங்க சாரே. உப்பு ஆகாதுதான். கோவில்பட்டி வரைக்கும் ஓடும், அங்கணெ கழுவிக்கிடலாம்." சனிக்கிழமை காலை வரச்சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். கலயத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

கோவில்பட்டியில் கல்லுப்பு வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து அதே கலயத்தை நிரப்பினேன். வாழையிலையும் கட்டினேன், திருட்டுக்குத் திருநீறு பூசினமாதிரி. அவள் விரல் நனைத்து நாக்கில் வைத்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தெளிக்க ஆரம்பித்தாள்.

மதுரையில் பெட்டியைத் திறந்தால் இரண்டு நண்டு சங்கைவிட்டு வெளியே வந்து கிடந்தன. உடம்பு இத்தனை மெல்லிசு என்று இதுவரை தெரியாது. காலிச் சங்கு ஒவ்வொன்றாய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. அவளும் சாப்பிடவில்லை. புளியோதரை அப்படியே இருக்கிறது.

1-5, வெள்ளி. விழுப்புரம்

வெயில் கொன்றது. மதுரையில் கிடந்தவை இரண்டும், திருச்சிக்குள் இன்னும் இரண்டும் போயின. கொள்ளிடம் பாலம் தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி நாலையும் ஆற்றுமணலில் புதைத்தாள். தங்கப்பன் கையால் குழி தோண்டிக் கொடுத்தான். நான் காருக்குள் இருந்தேன். இறங்கத் தைரியமில்லை.

மீதி ஒன்று.

பேச்சே இல்லை. "தலை வலிக்கா மக்கா?" என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டல், அவ்வளவுதான்.

2-5, சனி. சென்னை

மேகம். கா. 10 ஆஸ்பத்திரி. டாக்டர் நல்லமாதிரி. பேர், ஊர், வயது எல்லாம் சரியாகச் சொன்னாள்.

"எதுக்கு இங்கே வந்திருக்கீங்கம்மா?"

"அண்ணனுக்கு மகளக் கெட்டிக்குடுக்கணும்."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். 'பார்க்க வருவோர்' என்ற இடத்தில் என் பேர், மாதம் ஒருமுறை என்று எழுதினேன். பேனா கூசவில்லை, எனக்குத்தான் கூசியது.

பெட்டியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றாள் ஆயா. பகவதி மறுப்பாள், கூச்சல் போடுவாள் என்று பயந்தேன். போடவில்லை. என் கையில் தந்தாள்.

"அந்தத் தண்ணிய நாக்கில வச்சப்பமே தெரிஞ்சு போச்சு அண்ணேன், நீ என்னெ எங்கயோ கொண்டு விடப்போறேன்னு. வீட்டில வச்சே உள்ளதச் சொல்லியிருந்தா அதுகளக் கொண்டு கடல்ல விட்டுட்டு நான் மட்டும் வந்திருப்பேன்லா. நாலு உசிரு."

பெட்டியின் மூடியைச் சரிசெய்தேன்.

"இந்த ஒண்ண மண்டைக்காட்டில விட்டுட்டு ஒரு கார்டு போடு. இந்தத் தரமாவது உள்ளத எழுது."

ஆயாவோடு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் அவளுக்கென்ன.

மாலை கடற்கரைக்குப் போய்க் கலயம் நிறைய நல்ல கடல்தண்ணீர் எடுத்தேன்.

3-5, ஞாயிறு. மதுரை

பின்சீட்டில் நான், மடியில் பெட்டி. அரைமணிக்கு ஒருதரம் தெளித்தேன், அவள் செய்த மாதிரியே. திருச்சிவரை நண்டின் கால் அசைந்தது. மேலூரில் அசையவில்லை. தூக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதுரை வந்தபோது வாடை வந்துவிட்டது.

தங்கப்பனுக்கும் மனசு கேட்கவில்லை. "கடல்ல விட்டாச்சுன்னு எழுதிருங்க சாரே. அங்கணெ கெடக்கப்பட்டவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

4-5, திங்கள். திருநெல்வேலி

தூறல். தபாலாபீசில் கார்டு வாங்கினேன். முகவரி எழுதிவிட்டேன். பகவதி, பெண்கள் வார்டு. மறுபக்கம் 'அன்புள்ள' வரை.

தங்கப்பன் ஹாரன் அடிக்கிறான்.