சீனத்து அம்மாவும் எங்கடை பிரதம விருந்தினரும்

இயேசு மரி சூசை துணை

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்தபின்

அன்பு மகன் றொபினுக்கு அம்மா எழுதுவது, அந்தோனியார் புண்ணியத்தில் நானும் மருமகள் றொஷானியும் பேத்தி டிலக்சியும் இங்கே நல்ல சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை நீ பெரிதாக எடுக்க வேண்டாம், அது நீ பிறந்த வருஷத்திலிருந்தே அப்படித்தான். ஹம்மர்ஃபெஸ்டில் இனிச் சூரியன் எட்டியும் பார்க்காது, மீனெண்ணெய் குடிக்கிறாயா, மீன் கம்பனியில் வேலை என்பதற்காக மீனை மணந்து பார்த்தால் போதாது ராசா, குடிக்கவும் வேண்டும். போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் டிலக்சியின் கதையைத் தொடங்கினால் உடனே உனக்கு வேலை வந்துவிடுகிறது, பிறகு எடுக்கிறேன் அம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, ஆகவே இருந்து வாசி.

உன் மகள் இந்தப் பகுதி இளையோர் சபைக்கு நிற்க ஆசைப்படுகிறாள் என்பதும், எங்களுக்கு அரசியல் வேண்டாம், படிப்பைப் பார் என்று நீ சொன்னதும் தெரிந்த விஷயம்தான். அன்றைக்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. எதிர்த்துக் கதைத்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன், பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பெயர் கொடுக்க வருகிற வெள்ளிக்கிழமைதான் கடைசி. அதற்குள் நேற்று நடந்ததை நீ அறிய வேண்டும்.

நேற்றுத் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழா. தனிநடிப்புப் போட்டிக்கு எல்லாப் பிள்ளைகளும் வழக்கம்போல ராசா வேஷம் எடுக்க, இவள் ஒரு சீனத்துப் பெண் தலைவரை எடுத்தாள். பெயர் என் வாயில் நுழையவில்லை, நான் சீனத்து அம்மா என்றே சொல்லுகிறேன். அந்த அம்மா சிறு வயதில் காலைக் கட்டிச் சிறிதாக்க வந்தவர்களுக்கு மாட்டேன் என்றாராம், வீட்டார் பேசிய மாப்பிள்ளைக்குத் தானே கடிதம் எழுதிக் கல்யாணத்தை நிறுத்தினாராம், பெட்டிக்குள் வெடிகுண்டு வைத்து ரயிலில் கொண்டுபோனாராம். நான் ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தவள், என்றாலும் ஒரு கேள்வி கேட்டேன், அந்தப் பெட்டிக்கு மேல் யாரும் குந்தியிருக்கவில்லையா என்று. டிலக்சி சிரித்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள். பிறகு அந்த அம்மா பாரிஸ் நகரத்தில், நாட்டுக்கு நட்டமான ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க இருந்த தன் நாட்டுப் பெரியவர் ஒருவரை மறித்து, சட்டைக் கைக்குள் ஒரு ரோஜாக் கொப்பை வைத்துக்கொண்டு இது துவக்கு, சுடுவேன் என்று வெருட்டினாராம். அதற்குப் பிறகு சட்டம் படித்து, நீதவானாகி, சட்டம் எழுதும் சபையிலும் இருந்தாராம், பெரிய யுத்தம் வந்தபோது தன் சனத்துக்கு உதவி கேட்டு மேடை மேடையாகப் பேசினாராம். இவ்வளவும் செய்தது ஒரு பொம்பிளைப்பிள்ளை, தம்பி.

பாடசாலையைக் கொண்டு நடத்துகிற ஜெயரத்தினம் மாஸ்டருக்கு முகம் கறுத்துவிட்டது. எங்கடை சரித்திரத்தில் ஆளில்லையோ என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவள், மாஸ்டர், போன வருஷம் மேடைக்கு வந்ததெல்லாம் ஒரே ராசா, அதில் ஆர் வென்றது எண்டு அந்த ராசாவுக்கே தெரியாது என்றாளாம். வாய் உன் அப்பாவின் வாய். மாஸ்டர் சிரித்துப்போட்டு விட்டுவிட்டார்.

வேஷத்துக்கான சட்டையை எங்கள் மேல்மாடிச் சீனப் பெண் ஃபாங் தைத்துக் கொடுத்தார். உனக்குத் தெரியும், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நான் இடியப்பம் கொடுத்தால் அவர் கோப்பையை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார். அவரையும் விழாவுக்கு வரச் சொன்னோம். அங்கேதான் வினை. பகுதி சபையிலிருந்து பிரதம விருந்தினராக ஒரு அரசியல்வாதி அம்மா வருகிறார் என்று மாஸ்டருக்குத் தகவல், ஆளை ஒருவரும் கண்டதில்லை. எங்கள் சனத்தைப் பற்றித் தெரியும்தானே, மண்டபத்துக்குள் தமிழர் அல்லாத ஒருவர் காலை வைத்தால் அவரை முன்வரிசையில் இருத்திச் சால்வை போர்த்தாமல் விடமாட்டார்கள். ஃபாங் வாசலில் சப்பாத்துப் பனியைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறார், அவ்வளவுதான், இவர்தான் பிரதம விருந்தினர் என்று இரண்டு பக்கமும் பிள்ளைகள் பூத் தூவ, மாஸ்டர் கும்பிட்டுக் கும்பிட்டுப் பின்பக்கமாக நடக்க, மேடைக்குக் கொண்டுபோய் மங்கள விளக்கை ஏற்ற வைத்து, பொன்னாடையும் போர்த்திவிட்டார்கள். அவர் பாவம், முதல்முறை வருகிறவர்களுக்குத் தமிழர் இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தாராம். சந்தோஷமாக விளக்கை ஏற்றினார்.

நான் இதொன்றையும் காணவில்லை, குசினியில் நின்றேன். அந்த நேரம் பின்கதவால் ஒரு தமிழ்ப் பெட்டை வந்தாள், நீலக் காற்சட்டை, முதுகில் பை, இருபத்தைந்து வயது இருக்கும், பெயர் தர்மிகா, இந்தப் பகுதியிலேயே கொஞ்சம் தள்ளி இருக்கிற மட்டக்களப்புக் குடும்பம். முன்வாசலில் சரியான சனம், என்னை விழாவுக்குக் கூப்பிட்டவை என்றாள். எல்லாரையும் கூப்பிட்டதுதான் பிள்ளை, முதல் கையைக் கழுவு என்று சொல்லி ஏப்ரனைக் கட்டிவிட்டு, றோல்ஸை முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்ட விட்டேன். திரும்பவும் ஏதோ சொல்ல வந்தாள், எண்ணெய் கொதிக்குது, கதையைப் பிறகு பார்ப்பம் என்றேன். நல்ல பிள்ளை, கைவேகம் காணாது, இரண்டு தரம் ஏசினேன்.

டிலக்சியின் முறை வந்ததும் எல்லோரும் ஓடிப்போய்க் கதவடியில் நின்று பார்த்தோம். வெடிகுண்டுக் கட்டம் வரை மண்டபம் அடங்கிப்போய் இருந்தது. பிறகு அவள் கையை உதறி அந்த ரோஜாக் கொப்பை எடுத்தாள். எடுத்தால் அது என் கறிவேப்பிலை. ஆறு பனிக்காலம் யன்னலோரம் வைத்து, குளிர் பட்டால் துவாய் சுற்றி நான் வளர்த்த மரத்தின் நடுக்கொப்பு, ராசா. கடை ரோஜா வளைந்துபோச்சாம், அதனால் என் மரத்தில் கை வைத்திருக்கிறாள். மண்டபம் முழுக்க மணந்தது. பின்னாலிருந்து யாரோ ஒருவர் பருப்புக்குத் தாளிக்கவோ பிள்ளை என்று கேட்க, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிள்ளை அழுதுகொண்டு இறங்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டுக் கொப்பை அந்த ஆள் பக்கம் நீட்டி, அண்ணை, அந்தப் பெரியவரும் முதல் சிரிச்சிருப்பார், பிறகு அவர் கையெழுத்து வைக்கேல்லை என்றாள். மண்டபம் எழும்பிக் கை தட்டியது. றொஷானி அழுதாள், நான் அழவில்லை, வெங்காயம். பரிசு கிடைக்கவில்லை, பரிசு வழக்கம்போல ராசாவுக்கு.

கடைசியில் பிரதம விருந்தினர் உரை. ஃபாங் சால்வையோடு எழும்பி நோர்வேஜிய மொழியில், இந்தப் பகுதியில் நெடுங்காலம் பஸ் ஓட்டினவள் நான், தயவுசெய்து பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வராதீர்கள், முதலே வந்து நில்லுங்கள் என்றார். மாஸ்டர் அதைத் தமிழில், காலத்தின் அருமை பற்றித் தலைவர் ஆழமாகச் சொன்னார் என்று விளங்கப்படுத்தினார். பிறகு இளையோர் சபையைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லச் சொல்லி மாஸ்டர் கேட்க, ஃபாங் சுற்றிவரப் பார்த்துவிட்டு, நான் டிலக்சியின் மேல்வீடு, அந்தச் சபையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றார். ஆள் மாறிவிட்டது என்று சனத்துக்கு விளங்கியது. அப்போதுதான் என் பக்கத்தில் நின்ற தர்மிகா, அம்மம்மா, இப்ப போகலாமோ என்று என்னிடம் உத்தரவு கேட்டாள். ஏப்ரனும் கையில் ரஸ்க் தூளுமாக மேடைக்குப் போனாள். பகுதி சபை உறுப்பினர் அவள்தான், தம்பி. நான் ஏசினது பகுதி சபையை.

அவள் கோபப்படவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்து ஒன்றுதான் சொன்னாள், அது இன்னும் என் காதில் நிற்கிறது. உங்களில் ஒருத்தரும் என்னைத் தேடேல்லை, ஏனெண்டால் நான் உங்கடை வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தனான் என்றாள். மாஸ்டர் தலையைக் குனிந்தார். மாஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன், என் கண்ணுக்கு முன்னால் நின்றும் எனக்கே அந்த நினைப்பு வரவில்லையே.

பிறகு அவள் டிலக்சியைத் தேடி வந்து, நீ இளையோர் சபைக்கு நிற்கத்தானே வேணும் என்று கேட்டாள். ரி-பானா ரயில் நிலையத்திலிருந்து எங்கள் கட்டடத்துக்கு வருகிற பாதையில் வெளிச்சம் இல்லாததையும், பிள்ளைகள் அதால் பயந்து ஓடி வருவதையும் டிலக்சி எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். பெயர் கொடுத்துவிட்டாயா என்று கேட்டதற்கு மட்டும், அப்பா ஓம் எண்டு சொல்லாமல் குடுக்கமாட்டன் என்றாள்.

உன் பயம் எனக்குத் தெரியாததா மகன். ஊரில் இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளை ஆமி வீடு வீடாகத் தேடின காலத்தில் உன்னை நெற்குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தவள் நான். இங்கே பெயர் கொடுத்தால் தேடி வருகிறவர்கள் வெளிச்சம் போடுகிறவர்கள்தான். ஒன்று சொல்லுகிறேன், அவளுக்குப் பதினைந்து வயது. உன்னிடம் கேட்டுச் செய்கிற வயது இன்னும் கொஞ்சநாள்தான் இருக்கிறது, அதன்பிறகு கேட்காமல் செய்வாள், செய்யத்தான் வேண்டும். கேட்கிறபோதே ஓம் என்று சொல்லி அந்த மரியாதையை வாங்கி வைத்துக்கொள், பிறகு ஆசைப்பட்டாலும் கிடைக்காது.

மாதாவின் காவலும் உன் அப்பாவின் ஆசீரும் உன்னோடு இருக்கட்டும். கம்பளிக் காலுறையை இரண்டாகப் போடு, செபத்தை விடாதே. வெள்ளிக்கு முதல் போன் எடு, எனக்கல்ல, அவளுக்கு. எடுத்து வேலையைப் பற்றியோ குளிரைப் பற்றியோ கதைக்காமல் முதல் சொல்லாக ஓம் என்று சொல், எதற்கு என்று அவளுக்கு விளங்கும்.

இப்படிக்கு,
பகுதி சபைக்கே வேலை கொடுத்த உன் அம்மா,
மக்டலீன்