தெருப்பக்கக் கதவு

ஜூன் 14, 2025, சனி

தேனியில் கூட்டம். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: ‘இடப்பெயர்வு, வளர்ச்சி, மனித மாண்பு.’ நடத்தியது கிறிஸ்தவ சமூக சேவைச் சங்கம். தொண்டு நிறுவனத்துக்காரர்கள், ஒரு மடத்துச் சாமியார், கம்பம் ஜமாஅத் பெண்கள் சங்கத்தின் சார்பில் நான். சிஸ்டர் சொர்ணலதா அருமையாகப் பேசினார். நானும் விடவில்லை. வளைகுடாவுக்குப் போன எங்கள் பிள்ளைகள், வடக்கிலிருந்து திராட்சைத் தோட்டத்துக்கு வந்த பிள்ளைகள், எல்லோரையும் இழுத்துப் பேசினேன். நல்ல கைதட்டல். வீட்டுக்காரரிடம் சொன்னால், “ஒங்கிட்ட மைக்கக் குடுத்தா யாரு திரும்ப வாங்குறது” என்கிறார். பொறாமை!

ஜூன் 16, திங்கள்

சுபுஹு தொழுதுவிட்டு வாசல் கூட்ட இறங்கினேன். எதிரே ஜீப் ஸ்டாண்டில் ஒரே கூச்சல். முனீஸ்வரி ஜீப்பில் ஏறும்போதே சுருண்டு விழுந்துவிட்டாள். என் தையல் கடையில்தான் ரவிக்கை தைக்கக் கொடுப்பாள். வருடக்கணக்கில் தினமும் மலையேறி, கேரளாவுக்குள் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டில் திரும்புகிறவள். நானே ஆட்டோவில் தூக்கிப்போட்டுப் போனேன். நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சல். தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் திட்டினார். காரணத்தை அவள் திரும்பும்போது ஆட்டோவில் சொன்னாள்.

“தண்ணி குடிச்சா எங்கனக்கா ஒதுங்குறது? இங்கன ஸ்டாண்டு பூராம் ஆம்பளயாளுக. மேல செடிக்குள்ள போனா அட்டை, பின்னாடியே மேஸ்திரி. அதான் ராத்திரியோட தண்ணிய நிறுத்திருவோம். நாங்க அம்புட்டுப் பேரும் அப்படித்தான்.”

மாண்பு மாண்பு என்று முந்தாநாள் தொண்டை கிழியப் பேசினேனே! பள்ளிவாசல் வளாகத்தில், பெண்கள் தொழுகைக் கூடத்தை ஒட்டி எங்கள் சங்கம் கட்டிய கழிப்பறைகள் இருக்கின்றன. ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். விடிகாலையில் பூட்டித்தான் கிடக்கின்றன.

இதை விடப்போவதில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் நிர்வாகக் குழுவைப் பார்த்தேன். தலைவர் மீரான் மைதீன் எனக்குத் தாய்மாமன். இரக்கப்படுவார் என்று போனால் அவர்தான் முதல் முட்டுக்கட்டை. சுத்தம் என்னாவது, யார் பொறுப்பு, நாளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? முழுதும் கேட்டுக்கொண்டேன். பிறகு சொன்னேன்.

“மஹ்ரிபு தொழுதுட்டு நீங்க வெளிய வரயில, பிள்ளயத் தூக்கிக்கிட்டு ஓதி ஊதச் சொல்லி வாசல்ல நிக்கிறது யாரு மாமா? அந்தப் பொம்பளைகதான இவுக. பிள்ளைக்குக் காய்ச்சல்னா நம்ம வாசல், பெத்தவ அவசரத்துக்கு மட்டும் இல்லயா?”

மாமா தாடியைத் தடவினார். திங்கள்கிழமையிலிருந்து திறக்கலாம் என்றார். ரெஹானாவா கொக்கா!

ஜூன் 23, திங்கள்

பாங்கு சொல்லும் முன்பே போய்ப் பூட்டைத் திறந்து, பினாயில் ஊற்றி, வாளியெல்லாம் நிரப்பி வைத்தேன். ஜீப்புப் பெண்களிடம் முன்கூட்டியே சொல்லியும் ஒருத்தியும் வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்றும் இல்லை. மாமா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 26, வியாழன்

முனீஸ்வரி தேறி வந்துவிட்டாள். ஜீப்பை மறித்தே பிடித்துக்கொண்டேன். என்னடி நினைச்சுக்கிட்டு இருக்கீக, உங்களுக்காக நான் ஜமாஅத்தோட மல்லுக்கு நின்னேனே என்று கத்திவிட்டேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

“எம் பேத்திக்கு ஊதிக்கிட்டுப் போற எடம்க்கா அது. செருப்பத் தெருவுலயே கழட்டிட்டு நிக்கிற வாசல். அதத் தாண்டிப் போயி அந்தக் காரியம் செய்ய மனசு வருமா? அதுலயும் வீட்டுக்குத் தூரம்னா அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டோம்.”

எங்கள் பெண்கள் தினமும் போகிற இடம்தானே, தொழுகிற இடத்துக்குள் இல்லையே, ஓரமாகத்தானே இருக்கிறது. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். “ஒங்களுக்கு அது வீடு மாதிரிக்கா. எங்களுக்குக் கோயில்” என்று ஏறிப் போய்விட்டாள்.

யார் மேல் கோபப்படுவது? நம்ம பள்ளிக்கு மரியாதை குடுத்து ஒருத்தி அடக்கி அடக்கி நோவுல விழுகுறா — நான் எந்தச் செவுத்துல போயி முட்டிக்கிறது?

மாமாவிடம் அப்படியே சொல்லிவிட்டு வந்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 2, புதன்

தைத்துக்கொண்டிருக்கும்போது பள்ளியின் பின்சந்தில் இடிக்கிற சத்தம். ஓடிப் பார்த்தால் கொத்தனாரோடு மாமா! தூசியில் தாடி செம்பட்டையாகிவிட்டது. கழிப்பறையின் பின்சுவரை உடைத்துச் சந்துப் பக்கம் கதவு வைக்கிறார்.

“உள்பக்க வழியச் செங்கல் வச்சு அடச்சிருவோம். நம்ம பொம்பளைகளும் இனிமே இந்தச் சந்தோடயே வந்து போகட்டும். பள்ளியாசல மிதிக்காம வரலாம்னு அந்தப் பிள்ளைககிட்டச் சொல்லு.”

நம் பெண்களுக்குச் சுற்றுவழி ஆகுமே என்றேன். நாலு எட்டு நடந்தால் குறைந்தா போவார்கள் என்று என்னையே அதட்டினார். என் தாய்மாமன்! எந்த மேடையிலும் ஏறாதவர்.

ஜூலை 3, வியாழன்

முனீஸ்வரி சந்தோஷப்படுவாள் என்று போனால் நிபந்தனை போடுகிறாள். உங்கள் சங்கமும் எங்கள் ஜீப்பும் முறை வைத்துக் கழுவ வேண்டுமாம். விருந்தாளியை யாராவது கழிப்பறை கழுவ விடுவார்களா, எனக்கு என்ன மரியாதை என்று முறைத்தேன்.

“விருந்தாளின்னா ஒரு நாளைக்குத்தான்க்கா வரலாம். மொறை வச்சுக் கழுவுனாத்தான் தெனமும் வருவோம்” என்றாள்.

சிஸ்டர் சொர்ணலதாவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்

வந்தார்கள்! சந்து நிறைய வரிசை. புர்காவும் தலைத்துண்டுமாகக் கலந்து நின்றார்கள். குழாயை மூடாமல் போன ஒருத்தியைத் திட்டினேன், அவள் திருப்பித் திட்டினாள். மனசு நிறைந்துபோய்விட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர். நான் எழும் முன்பே அவர்களே குடத்தில் சுமந்து நிரப்பிவிட்டார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

முனீஸ்வரி சாயங்காலம் நேரே கடைக்கு வந்தாள். முகமே சரியில்லை. மேலே தோட்டத்தில் இன்று யாரும் ஜீப்பை விட்டு இறங்கவில்லையாம்.

“எந்தா சேச்சி, கூலி கூட்டணுமான்னாரு சூப்பர்வைசரு. கூலி கெடக்கட்டும், கதவு வச்ச கக்கூஸ் கட்டுங்கன்னோம். கீழ பள்ளியாசல்ல எங்களுக்காகச் செவுத்தையே ஒடச்சிருக்காக, அவுகளுக்கு நாங்க ஒரு காய் எடுத்துக் குடுத்ததில்ல. ஒங்களுக்கு இத்தன வருசமா எடுக்குறோமேன்னு கேட்டேன்க்கா.”

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம். நான் இதைச் செய்யச் சொல்லவே இல்லையே. அடுப்பு எரிய வேண்டாமா இவளுக்கு?

செப்டம்பர் 11, வியாழன்

மற்ற ஜீப்புகளில் போகிற பெண்களும் அந்தத் தோட்டத்தில் இறங்க மறுத்துவிட்டார்கள். காய் பழுத்து உதிர்கிறதாம். தொழுகையில் இவர்கள் வேலையைத் தவிர வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

முதலாளி இறங்கி வந்துவிட்டார். எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டாகிவிட்டது. கட்டித் தருகிறாராம். அல்ஹம்துலில்லாஹ். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

விடியுமுன் வந்து என்னை ஜீப்பில் ஏற்றினாள் முனீஸ்வரி. இடித்துப் பிடித்து உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் யார் மடியிலாவது விழுந்து, மேலே போய்ச் சேர்ந்தபோது என் இடுப்பு என்னிடம் இல்லை. இப்படித்தான் தினமும் போகிறார்கள்.

ஏலச்செடிகளுக்கு நடுவே புத்தம்புதுக் கழிப்பறைகள். தாழ்ப்பாளில் செவ்வந்தி மாலை. தேங்காய் உடைத்தார்கள். கட்டடத்துக்கு ரிப்பன் வெட்ட வேண்டும் போல என்று கையைத் தயாராக வைத்திருந்தேன்.

“ரிப்பன் எல்லாம் இல்ல. மொதல்ல நீங்கதான்க்கா போகணும்.”

எனக்கு இப்போது வரவில்லையடி என்றேன். யார் விட்டார்கள்? புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் வழக்கப்படி இடது காலை எடுத்து வைத்தேன். “வலது காலு, வலது காலு” என்று அத்தனை பேரும் பதறினார்கள். இதுக்கெல்லாம் இடது கால்தாண்டி என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

வெளியே குலவை போட்டார்கள். மலை முழுக்கக் கேட்டிருக்கும். கதவைத் தட்டி, என்னக்கா இன்னும் வரல என்று கேட்டாள் முனீஸ்வரி. இருடி வருகிறேன் என்றேன். அழுத கண்ணைத் துடைக்காமல் எப்படி வெளியே வருவது?