காதுக்கு வந்த பிரேசில்

மார்ச் 4, புதன்

இன்று பதினொரு ஜோடி லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தினேன். ஒன்றுகூட விளிம்பு உடையவில்லை. காதுக் கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டால் கை தானாக வேலை செய்கிறது. முதலாளி கவனித்துவிட்டார். ஏழு வருஷம் செவிடாக இருந்து, ஜனவரியில் வலது காதுக்கு மண்டையைத் துளைத்து ஆபரேஷன் செய்துகொண்டு, இப்போது கருவியைப் பைக்குள் வைத்திருக்கிறாயே என்று ஜாடையிலேயே கேட்டார். சிரித்து மழுப்பினேன்.

பேச்சு பரவாயில்லை. கடைக்கு வருகிறவர்கள் சொல்வதில் பாதி பிடிபடுகிறது. பாட்டுதான் தகரத்தைத் தரையில் இழுத்துப் போவது போல இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் கேட்ட பாட்டுகளை என் வீட்டுக்காரர் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார். போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். எல்லாமே எனக்கு மனப்பாடம். மனசுக்குள் ஒன்று ஓடுகிறது, காதில் வேறொன்று கத்துகிறது. மூன்றாவது பாட்டில் கருவியைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அவர் உதடு அசைந்தது. உதடு படிக்க எனக்குச் சொல்லியா தரணும்? "அப்போ எதுக்கும்மா ஆபரேஷன் பண்ணிக்கிட்ட?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. எனக்கே தெரியலையே.

மார்ச் 12, வியாழன்

காது பழக்கும் டாக்டரம்மாவிடம் அழுதுவிட்டேன். என் மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு. பழைய பாட்டைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள் என்றாள். ஞாபகத்தில் இருப்பதோடு மூளை ஒப்பிட்டுக்கொண்டே இருக்குமாம். கேட்டே இராத பாட்டு, தெரியாத பாஷை, தாளம் தூக்கலாக இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுச் சீட்டில் ஒரே வார்த்தை எழுதினாள். பிரேசில்.

பிரேசில் என்றால் எனக்குக் கால்பந்து. அதோடு சரி.

மார்ச் 13

கேட்கவில்லை. மனசில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சம்பா என்கிற பிரேசில் தாளப் பாட்டைத் தேடிப் போட்டேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு பெரிய முரசு. அடுத்து அதற்குப் பதில் சொல்லும் இன்னொன்று. அதற்கு மேல் மழை ஓட்டில் விழுகிற மாதிரி நூறு சின்ன அடி. ஒவ்வொன்றும் தனித்தனியாக, துல்லியமாக! தகரம் இல்லை, இழுவை இல்லை. ஒரு வயதான பெண்மணி பாடினார். குரல் கரகரவென்றிருந்தது. அது அவருடைய கரகரப்புதான், என் கருவியுடையது இல்லை. எனக்கு அது எப்படித் தெரிந்ததோ, தெரிந்துவிட்டது.

நடுவில் திடீரென்று குரங்கு விக்கிச் சிரிப்பது போல ஒரு சத்தம். போச்சு, கருவி பழுதாகிவிட்டது என்று கழற்றப் போனேன். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னது அது, குரங்கா?" என்றார்.

"உங்களுக்கும் கேக்குதா?"

பாட்டிலேயே இருக்கிறதாம். தோலுக்குள் குச்சியைச் செருகி, ஈரத்துணியால் தேய்த்து வாசிக்கும் ஒரு முரசு. அவர் போனில் படமே காட்டினார். ஏழு வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் ஒரே சத்தத்தை, அதுவும் ஒன்றாக முதல்முறை கேட்டிருக்கிறோம். மறுபடி போடச் சொன்னேன். ஆறு தடவை போட்டார்.

மார்ச் 24, செவ்வாய்

போஸா நோவா, அந்த ஊரின் மென்மையான பாட்டு வகை. ஒரே கிட்டார், ஒரே ஆள். தூங்கும் குழந்தை எழுந்துவிடுமோ என்கிற மாதிரிப் பாடுகிறார். அவருக்குக் கிசுகிசுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். இவ்வளவு சின்னக் குரல் இவ்வளவு பெரிய இடத்தை எப்படி நிரப்புகிறது? வரிகள் மூக்கால் "ஆவுங்" என்று முடிகின்றன. அர்த்தம் தெரியாததால் சத்தத்தை மட்டும் கேட்கிறேன். இப்படி நான் யார் குரலையுமே கேட்டதில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

கடையில் கருவியைக் கழற்றவில்லை, போனில் சத்தமாகப் பாட்டும் போட்டேன். ஃபொஹோ என்றொரு வகை. வறண்ட ஊர்க்காரர்களின் ஆட்டப் பாட்டாம். அக்கார்டியன், முரசு, ஒரு இரும்பு முக்கோணம், அவ்வளவுதான். அந்த முக்கோணத்தின் கிணுகிணு லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தின் சத்தத்தையும் தாண்டி வருகிறது. முதலாளியின் கால் மேஜைக்கடியில் ஆடியது. பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஷோரோ. அந்தச் சொல்லுக்கு அழுகை என்று பொருளாம், ஆனால் குதிரை மாதிரி ஓடுகிறது. புல்லாங்குழலும் தந்திகளும் ஒன்றையொன்று துரத்த, என் காதில் எல்லாம் குழைந்து கூழாகிவிட்டது. பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தேன். ரொம்பத் தலைவலி. இத்தனை நாள் கேட்டதெல்லாம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டதுதானோ?

ஏப்ரல் 20

டாக்டரம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். "அது கஷ்டமான பாட்டு, நல்லா கேக்குற காதுக்கே மூச்சு வாங்கும்" என்று பதில். கொஞ்சம் ஆறுதல்.

மே 9, சனி

மதியம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். செர்டனேஜோ கேட்டுக்கொண்டிருந்தேன். பண்ணைக்காரர்களின் பாட்டு. பாடுகிறவரின் குரல் ரொம்பத் தடிமன் என்றுதான் இரண்டு வாரமாக நினைத்திருந்தேன். இன்று ஒரு இடத்தில் அந்தக் குரல் துணி கிழிவது போல இரண்டாகப் பிரிந்தது. கீழே ஒருவர். அவருக்குச் சற்று மேலே, கையைப் பிடித்தபடியே இன்னொருவர்.

இரண்டு பேர்! இவ்வளவு நாளும் இரண்டு பேர் பாடியிருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

சக்கரத்தை நிறுத்தினேன். கையில் ஒரு கிழவரின் கிட்டப்பார்வை லென்ஸ் பாதி தேய்ந்து நிற்கிறது. வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

"என்னங்க, ரெண்டு பேருங்க."

"யாரு? எங்க? கடையில ஏதாவது பிரச்சனையா?"

போனைப் பாட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "ஆமாம்மா, ரெண்டு பேரு" என்றார்.

ஜூன் 3, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். விருப்பமிருந்தால் இடது காதுக்கும் செய்யலாம் என்றார்கள். கட்டாயமில்லையாம். படிவத்தில் "நோயாளியின் எதிர்பார்ப்பு" என்று மூன்று கோடு விட்டிருந்தது.

ரோட்டில் வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியணும் என எழுது, அதுதான் நியாயமாக இருக்கும் என்றார் அவர். அப்படியே எழுதினேன். இரண்டு கோடு நிரம்பியது. மூன்றாவதில், "பிரேசில் பாட்டு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது" என்று எழுதினேன்.

அவர் குனிந்து படித்தார். பேனாவை வாங்கி, துணைக்கு வருபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்கு ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.